வியட்நாமில் மூன்றில் ஒருவர் ‘நுயென்’: ஒரே குடும்பப் பெயர் இத்தனை கோடிப் பேருக்கு வந்தது எப்படி?

1973 ஜனவரி 27, பாரிஸ். வியட்நாம் போரை நிறுத்துவதற்கான ஒப்பந்தத்தில் நான்கு தரப்பின் வெளியுறவு அமைச்சர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். அமெரிக்காவுக்காக வில்லியம் ரோஜர்ஸ். தெற்கு வியட்நாம் அரசுக்காக திரான் வான் லாம். வடக்கு வியட்நாமுக்காக நுயென் ஸுய் திரின். தெற்கில் இருந்துகொண்டே அமெரிக்காவை எதிர்த்த தற்காலிகப் புரட்சி அரசுக்காக நுயென் தி பின்.

வியட்நாமியர்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் நுயென். அந்த நேரத்தில் சைகோனில் உட்கார்ந்திருந்த தெற்கு வியட்நாம் அதிபரின் பெயர் நுயென் வான் தியூ. 1969இல் இறந்துபோன வடக்கின் தலைவர் ஹோ சி மின்? அவர் பிறந்தபோது வைத்த பெயர் நுயென் சின் குங். 1919இல் வெர்சாய் சமாதான மாநாட்டுக்கு வியட்நாமியர்களின் கோரிக்கை மனு போனபோது அதன் கீழே இருந்த பெயர் நுயென் ஐ குவோக். அது பின்னாளில் அவருடைய பெயராகவே ஆகிவிட்டது.

இவர்கள் எல்லாம் ஒரே குடும்பமா, ஒரே சாதியா, ஒரே ஊரா என்று கேட்டால், எதுவுமே இல்லை. ஒருவருக்கொருவர் எந்தச் சொந்தமும் கிடையாது.

இந்தப் பெயரை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். 2013இல் சீனாவின் குவாங்ஜோவில் நடந்த உலக பேட்மிண்டன் சாம்பியன்ஷிப்பில் பி.வி.சிந்து முதல் முறையாக வெண்கலம் வென்றார், ஞாபகம் இருக்கிறதா? அதே போட்டியில் ஆண்கள் ஒற்றையரில் வெண்கலம் வாங்கியவர் நுயென் தியென் மின். 2016இல் புனைகதைக்கான புலிட்சர் விருது வாங்கிய அமெரிக்க எழுத்தாளர் வியெத் தான் நுயென். இந்திய நகரங்களுக்கு விமானம் விடும் வியட்ஜெட் நிறுவனத்தின் நிறுவனர் நுயென் தி ஃபுவாங் தாவ்.

வியட்நாமின் மக்கள்தொகை இப்போது 10 கோடியைத் தாண்டிவிட்டது. அதில் 30 முதல் 39 சதவீதம் பேருக்கு இந்தக் குடும்பப் பெயர் இருப்பதாக வெவ்வேறு மதிப்பீடுகள் சொல்கின்றன. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் 3 கோடி பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: அமெரிக்காவில் முதலிடத்தில் இருக்கும் ‘ஸ்மித்’ அந்த நாட்டு மக்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. தென்கொரியாவின் ‘கிம்’ மட்டும்தான் கொஞ்சம் கிட்டே வரும், ஐந்தில் ஒருவர்.

முதலில், இதை எப்படிச் சொல்வது?

தமிழ்ச் செய்திகளில் நுயென், ங்குயென், நிகுயென் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். உண்மையில் இந்தப் பெயர் தொடங்குவது ‘ங’ ஒலியில். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லும் அந்த ஒலியில் தொடங்காது என்பதால் அவர்கள் படும் பாடு தனி. நமக்கு அந்த எழுத்தே இருக்கிறது, ஆனால் அரிச்சுவடியைத் தாண்டினால் சொல்லின் முதலில் அதை வைத்துப் பேசிப் பழக்கம் இல்லை. ‘சங்கு’ என்று சொல்லும்போது நடுவில் வரும் ‘ங்’ இருக்கிறதே, அதில் தொடங்கி ‘வியென்’ என்று ஒரே மூச்சில், ஒரே அசையாக முடித்தால் ஹனோய்க்காரர்கள் சொல்வதற்குப் பக்கத்தில் வந்துவிடலாம். நடுவில் குரல் சட்டென்று உடைந்து மேலே ஏற வேண்டும், அது தனிப் பயிற்சி. தெற்கே ஹோ சி மின் நகரத்தில் கடைசியில் இருக்கும் ‘ன்’னும் ‘ங்’ ஆகிவிடும்.

இந்தக் கட்டுரையில் எளிமைக்காக ‘நுயென்’ என்றே எழுதுகிறோம்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. தியென் பியென் ஃபூ போரில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த தளபதி வோ நுயென் ஜியாப்பின் பெயரிலும் ‘நுயென்’ இருக்கிறதே என்று நினைக்கலாம். அது வேறு சொல், வேறு தொனி. நடுப்பெயராக வந்திருக்கிறது. அவருடைய குடும்பப் பெயர் வோ.

சீனாவில் சின்னப் பெயர், வியட்நாமில் பெரிய பெயர்

குடும்பப் பெயர் என்பதே வியட்நாமுக்கு வெளியிலிருந்து வந்த சங்கதி. கி.மு. 111இல் சீனாவின் ஹான் பேரரசு இன்றைய வடக்கு வியட்நாமைப் பிடித்தது. நடுவில் சில கிளர்ச்சிகள், சில சிறிய சுதந்திர காலங்கள் தவிர, கி.பி. 938 வரை, அதாவது சுமார் ஆயிரம் ஆண்டுகள், சீன ஆட்சிதான். வரி போட வேண்டும், ஆள் எண்ண வேண்டும், படைக்கு ஆள் எடுக்க வேண்டும் என்றால் அரசாங்கத்துக்குப் பதிவேடு தேவை. பதிவேட்டில் எழுதக் குடும்பப் பெயர் தேவை. அப்படித்தான் சீனக் குடும்பப் பெயர்கள் இங்கே வேர்விட்டன. கூடவே, சீனாவிலிருந்து வந்த அதிகாரிகளும் படைவீரர்களும் அகதிகளும் தங்கள் பெயர்களோடு இங்கேயே தங்கினார்கள்.

நுயென் என்பது ஒரு சீன எழுத்தை வியட்நாமியர் வாசிக்கும் விதம். அதே எழுத்தை மாண்டரினில் ‘ருவான்’ என்பார்கள். வீணை மாதிரி மடியில் வைத்து மீட்டும் ஒரு சீன நரம்பிசைக் கருவிக்கும் அதே பெயர்தான், ருவான் சியென் என்ற பழங்கால இசைக் கலைஞரின் நினைவாக வந்தது. 1930களில் ஷாங்காயின் மௌனப் பட உலகில் கொடிகட்டிப் பறந்த நடிகை ருவான் லிங்யூவின் குடும்பப் பெயரும் இதேதான். ஆனால் வாங், லீ, ஜாங் போன்ற பெயர்களுக்கு முன்னால் ருவான் சீனாவில் ரொம்பச் சின்னப் பெயர்.

அங்கே சின்னதாக இருந்தது இங்கே மட்டும் ஏன் இப்படிப் பெருகியது? ருவான் குடும்பத்தினர் பெருவாரியாக வியட்நாமுக்குக் குடியேறியதால் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று கோடிப் பேரை அந்தக் கணக்கால் விளக்க முடியாது. விடை வேறு ஒரு பெயரில் இருக்கிறது.

காணாமல் போன அரச குடும்பம்

வியட்நாமின் முதல் மூன்று குடும்பப் பெயர்களைப் பாருங்கள்: நுயென், திரான், லே. இரண்டாவது இடத்தில் இருக்கும் திரான் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது, லே கிட்டத்தட்ட அதே அளவு. மூன்றுமே அரச வம்சங்களின் பெயர்கள். திரான் வம்சம் 1225 முதல் 1400 வரை ஆண்டது. பிந்தைய லே வம்சம் 1428இல் தொடங்கி 1789 வரை, இடையில் ஒரு இடைவெளியோடு, அரியணையில் இருந்தது. நுயென் வம்சம் 1802 முதல் 1945 வரை. ராஜா பெயரை மக்கள் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும்.

அப்படியென்றால் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 1009 முதல் 1225 வரை, 200 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட லீ வம்சம் எங்கே போச்சு? இன்றைய ஹனோய் இருக்கும் இடத்துக்கு 1010இல் தலைநகரைக் கொண்டுவந்ததே அவர்கள்தான். வியட்நாமின் பொற்காலங்களில் ஒன்று அவர்களுடையது. ஆனால் இன்று ‘லீ’ என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் அந்த நாட்டில் மிகச் சொற்பம்.

கதை இதுதான். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீ அரசர் ஹுவே தோங்குக்கு மகன்கள் இல்லை. இளைய மகள் லீ சியூ ஹுவாங்கை, ஏழெட்டு வயதுக் குழந்தையை, அரியணையில் ஏற்றினார்கள். அரண்மனையில் உண்மையான அதிகாரம் திரான் து தோ என்ற தளபதியின் கையில் இருந்தது. அவர் தன் உறவில் அதே வயதுள்ள ஒரு பையனை அந்தக் குழந்தை ராணிக்குக் கணவனாக்கினார். பிறகு ராணி, கணவனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்தார். அல்லது விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டார். ஒரு கல்யாணத்தில் வம்சமே மாறிவிட்டது.

ஆட்சியைப் பிடித்தாகிவிட்டது, ஆனால் பழைய அரச குடும்பம் ஊர் ஊராக இருக்கிறதே? ‘நாங்கள் லீ வம்சம்’ என்று யாராவது படை திரட்டினால்? 1232இல் ஓர் ஆணை வந்தது. லீ என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் எல்லாரும் இனி நுயென் என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சொன்ன காரணம் கேட்பதற்கு ரொம்ப மரியாதையானது. புதிய அரசரின் தாத்தா பெயர் திரான் லீ. அரசர், அவருடைய முன்னோர் ஆகியோரின் பெயரைக் குடிமக்கள் வாயால் சொல்வதோ எழுதுவதோ கூடாது என்பது சீனாவிலும் வியட்நாமிலும் இருந்த வழக்கம். கணவர் பெயரைச் சொல்லாத நம் பாட்டிமாரை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது சட்டம், மீறினால் தண்டனை. வெளியே சொன்ன காரணம் இது. உள்ளே இருந்த நோக்கம், லீ என்ற பெயரையே மக்கள் மறக்க வேண்டும் என்பது.

அதே ஆண்டில், மூதாதையர் வழிபாட்டுக்குக் கூடிய லீ குடும்பத்தினரை, குழி தோண்டி மேலே பந்தல் போட்டு உட்கார வைத்து உயிரோடு புதைத்துவிட்டார் திரான் து தோ என்றும் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அந்த நூலைத் தொகுத்த அறிஞரே இது நிச்சயமாக நடந்ததா என்று சந்தேகப்பட்டிருக்கிறார். பெயர் மாற்ற ஆணையைப் பற்றி அப்படிச் சந்தேகம் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுயென் என்ற பெயர் 1232இல் பிறக்கவில்லை. அதற்கு முன்பே அது ஓரளவு பரவலாக இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் நாடு 12 போர்த் தலைவர்களிடம் சிதறிக் கிடந்தபோது அவர்களில் மூன்று பேர் நுயென்கள். 968இல் அந்தத் தலைவர்களை அடக்கி அரசரான தின் போ லினின் வலது கையாக இருந்தவரும் நுயென் பாக் என்ற நுயென்தான். ஒளிந்துகொள்ள வேண்டியவருக்கு ஏற்கெனவே பலருக்கு இருக்கும் பெயரைவிட வசதியான இடம் வேறு உண்டா?

ஆட்சி மாறினால் பெயர் மாறும்

1232 ஒரு தொடக்கம்தான். அடுத்த ஐந்து நூற்றாண்டுகளில் இதே நாடகம் திரும்பத் திரும்ப நடந்தது.

1527இல் லே வம்சத்தைத் தள்ளிவிட்டு மாக் குடும்பம் ஆட்சிக்கு வந்தது. 1592இல் அவர்கள் தலைநகரை இழந்ததும் வேட்டை ஆரம்பித்தது. மாக் குடும்பத்தினர் சிதறி ஓடி, போன இடத்தில் வெவ்வேறு பெயர்களை வைத்துக்கொண்டார்கள். அவற்றில் நுயென் முக்கியமானது. அதன்பிறகு வடக்கில் அரசரைப் பொம்மையாக வைத்துக்கொண்டு இரண்டு நூற்றாண்டு ஆண்ட திரின் பிரபுக்கள் 1786இல் வீழ்ந்தார்கள். அவர்களுடைய வாரிசுகளில் பலரும் நுயென் ஆனார்கள்.

இவ்வளவு பயம் எதற்கு? ராஜத் துரோகத்துக்கு அங்கே இருந்த தண்டனை ஒருவரோடு முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரின் அப்பா வழி, அம்மா வழி, மனைவி வழி என்று மூன்று கிளைகளையும் அழிப்பது வழக்கம். அப்போது குடும்பப் பெயர் என்பது கழுத்தில் தொங்கும் கத்தி.

இந்தக் கத்தி நுயென்களையும் விடவில்லை. சீன மிங் படையை விரட்டி லே வம்சத்தை அரியணையில் ஏற்றியதில் பெரும் பங்கு வகித்த கவிஞரும் ராஜதந்திரியுமான நுயென் திராய், 1442இல் அரசர் திடீரென்று இறந்தபோது கொலைப்பழி சுமத்தப்பட்டுக் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். தப்பிய கர்ப்பிணி மனைவிக்குப் பிறந்த மகன் அம்மாவின் குடும்பப் பெயரான ஃபாம் என்பதை வைத்துக்கொண்டு வளர்ந்தான். 1464இல் புதிய அரசர் நுயென் திராய் நிரபராதி என்று அறிவித்த பிறகுதான் அவருடைய வாரிசு வெளியே வர முடிந்தது. அதாவது நுயென்னாகப் பலர் ஒளிந்துகொண்ட நாட்டில், நுயென்னிலிருந்து வெளியேறி ஒளிந்துகொண்டவர்களும் உண்டு.

நுயென்னை நுயென் வென்ற கதை

இப்போது தெற்கே போக வேண்டும். 1558இல் நுயென் ஹுவாங் என்ற பிரபு, வடக்கின் அரசியல் சண்டையிலிருந்து விலகி, இன்றைய ஹுவே நகரம் இருக்கும் பகுதிக்கு ஆளுநராகப் போனார். அவருடைய வாரிசுகள் அங்கே கிட்டத்தட்டத் தனி நாடே நடத்தினார்கள். சம்பா அரசின் நிலங்களையும், பிறகு மேகாங் கழிமுகத்தில் கெமர்களின் நிலங்களையும் எடுத்துக்கொண்டு தெற்கே விரிந்தார்கள். அங்கே ஆளும் குடும்பத்தின் பெயர் விசுவாசத்தின் அடையாளம் ஆனது. சேவை செய்தவர்களுக்கு நுயென் என்ற பெயரைப் பரிசாகக் கொடுத்தார்கள், விசுவாசம் காட்ட நினைத்தவர்கள் தாமே எடுத்தும் கொண்டார்கள்.

அந்தப் பிரபுவின் பெயர்த் தடையின் தடயம் இன்னும் இருக்கிறது. வடக்கே ‘ஹுவாங்’ என்று இருக்கும் குடும்பப் பெயர் தெற்கே ‘ஹுயின்’ என்று இருக்கும். இரண்டும் ஒரே பெயர். நுயென் ஹுவாங்கின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பதற்காகத் தெற்கத்திக்காரர்கள் ஒலியை மாற்றிக்கொண்டார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது.

1771இல் தாய் சோன் என்ற மலையடிவாரப் பகுதியில் மூன்று சகோதரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். யாருக்கு எதிராக? நுயென் பிரபுக்களுக்கு எதிராக. அந்தச் சகோதரர்களின் பெயர்கள் நுயென் ஞாக், நுயென் ஹுவே, நுயென் லூ. அவர்களுடைய பூர்வீகக் குடும்பப் பெயர் ஹோ. எதிரியின் பெயரையே வைத்துக்கொண்டு எதிரியை அழிக்கக் கிளம்பியவர்கள் என்று சொல்லலாம். சகோதரர்களில் ஒருவரான நுயென் ஹுவே 1789 சந்திரப் புத்தாண்டு நேரத்தில் சீனப் படையை அடித்து விரட்டி, குவாங் துருங் பேரரசராக இன்றும் தேசிய வீரராகக் கொண்டாடப்படுகிறார். ஆனால் 1792இல் அவர் இறந்ததும் எல்லாம் சரிந்தது. நுயென் பிரபுக்களில் உயிர் தப்பியிருந்த நுயென் ஆன் 1802இல் மொத்த நாட்டையும் பிடித்து ஜியா லாங் என்ற பெயரில் பேரரசர் ஆனார். தாய் சோன் குடும்பத்தினர் மீது அவர் எடுத்த பழி மிகக் கொடூரமானது.

அடுத்த 143 ஆண்டுகள் நுயென் வம்சம். 1945 ஆகஸ்ட் 30இல் கடைசிப் பேரரசர் பாவ் தாய் ஹுவே அரண்மனையில் முடியைத் துறக்கும் வரை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அசல் அரச குடும்பத்தினர் பலரின் புழக்கப் பெயரில் ‘நுயென்’ இருக்காது! அவர்களுடைய முழுக் குடும்பப் பெயர் நுயென் ஃபுக். ஆனால் இரண்டாவது பேரரசர் மின் மாங் 20 சொற்கள் கொண்ட ஒரு கவிதையை எழுதி, தன் வழிவருபவர்கள் தலைமுறைக்கு ஒரு சொல்லாகப் பெயரின் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதனால் பாவ் தாயின் சொந்தப் பெயர் வின் துய், அவருடைய மகன் பாவ் லாங். அரச குடும்பத்தின் பக்கக் கிளைகளில் ஆண்களுக்கு ‘தோன் தாத்’, பெண்களுக்கு ‘தோன் நூ’ என்ற முன்னொட்டு. ஆக, ‘நுயென் வான் இன்னார்’ என்று ஒருவர் அறிமுகம் செய்துகொண்டால் ராஜ பரம்பரை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆட்சியாளர் பெயரை மக்கள் எடுத்துக்கொள்வது பழங்காலத்தோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. மத்திய வியட்நாமின் மலைப்பகுதியில் வாழும் வான் கியூ, பா கோ பழங்குடியினர் 20ஆம் நூற்றாண்டில் தங்கள் குடும்பப் பெயராக ‘ஹோ’ என்பதை எடுத்துக்கொண்டார்கள். யாருடைய ஹோ என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாரும் நுயென் என்றால் கூப்பிடுவது எப்படி?

குடும்பப் பெயரால் கூப்பிடுவதே இல்லை. வியட்நாமில் பெயரின் வரிசை குடும்பப் பெயர், நடுப்பெயர், சொந்தப் பெயர். அழைப்பது கடைசியில் இருக்கும் சொந்தப் பெயரை. நெருக்கமானவர்கள் மட்டும் இல்லை, செய்தித்தாளும் அப்படித்தான் எழுதும். தூத்துக்குடியில் மின்சார கார் தொழிற்சாலை தொடங்கியிருக்கும் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் நிறுவனர் ஃபாம் நியாத் வுவாங். அவர் ‘திரு. வுவாங்’, ‘திரு. ஃபாம்’ இல்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைக்கூடச் சொந்தப் பெயரின் அகர வரிசைப்படிதான் அடுக்குவார்கள். குடும்பப் பெயர்ப்படி அடுக்கினால் வகுப்பில் பாதிப் பேர் ஒரே இடத்தில் வந்து நிற்பார்களே!

இதிலும் பெரிய விதிவிலக்கு ஹோ சி மின்தான். அவரை ‘பாக் ஹோ’ என்பார்கள். பாக் என்றால் பெரியப்பா. ஆமாம், அங்கேயும் நம்மைப் போலத்தான். தெருவில் பார்க்கும் அந்நியரைக்கூட வயதைப் பார்த்து அண்ணன், அக்கா, சித்தப்பா, அத்தை, பெரியப்பா என்று உறவு முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ‘நீ’, ‘நான்’ என்பதற்கே உறவுச் சொற்கள்தான் பயன்படும்.

பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுவதில்லை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்பாவின் குடும்பப் பெயர் வரும், சட்டப்படி அம்மாவுடையதையும் வைக்கலாம். நுயென்னும் நுயென்னும் கல்யாணம் செய்துகொள்வது சாதாரணம். ஒரே குலமா இல்லையா என்பதை முன்னோர் வழியைப் பார்த்துச் சொல்வார்களே தவிர, பெயரைப் பார்த்து இல்லை.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ கட்டத்தில் எதைப் போடுவது என்று விழித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இனிஷியல் போட்டு வாழ்ந்தவர்கள் வெளிநாடு போனதும் அப்பா பெயரால் அழைக்கப்படுவார்கள். பதிவேடு கேட்பதால் குடும்பப் பெயர் முளைக்கும் கதை நமக்குப் புதிதில்லை. இதில் புதுச்சேரிக்கும் சைகோனுக்கும் ஒரு நேரடித் தொடர்பே உண்டு. 1881இல் வந்த ஓர் ஆணைப்படி, புதுச்சேரியில் தங்கள் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் பெயர் சூட்டிக்கொண்ட அந்தத் தமிழர்களில் கணிசமானோர் வேலைக்குப் போன இடம், பிரான்ஸின் ஆட்சியில் இருந்த சைகோன்.

1975க்குப் பிறகு உலகம் முழுக்க

அமெரிக்காவின் குடும்பப் பெயர்ப் பட்டியலில் நுயென் ஏறிய வேகத்தைப் பாருங்கள். 1990 கணக்கெடுப்பில் 229ஆவது இடம். 2000இல் 57. 2010இல் 38, அப்போது அந்தப் பெயர் கொண்டவர்கள் 4,37,645 பேர். 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்ததும் கிளம்பிய முதல் அலை, பிறகு ஆண்டுக்கணக்கில் படகுகளில் உயிரைப் பணயம் வைத்துக் கடலில் இறங்கியவர்கள், பிறகு குடும்பத்தோடு சேர வந்தவர்கள் என்று அந்த எண்ணிக்கை சேர்ந்தது. கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர், சான் ஹோசே, டெக்சாஸின் ஹூஸ்டன் ஆகிய ஊர்களில் இது உள்ளூர்ப் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

ஆஸ்திரேலியாவிலும் இதுவே கதை. அங்கே அதிகம் புழங்கும் பெயர்களில் ஸ்மித், ஜோன்ஸ் வரிசையோடு நுயென்னும் இடம்பிடித்திருக்கிறது. பிரான்ஸுக்குப் போனவர்களில் காலனி ஆட்சிக் காலத்திலேயே போனவர்களும் உண்டு. செக் குடியரசுக்குப் போன வழி வேறு. சோஷலிச நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் தொழிலாளர்களாகவும் மாணவர்களாகவும் போய் அங்கேயே தங்கியவர்கள் அவர்கள். போரில் தோற்ற தரப்பின் நுயென்கள் ஒரு பக்கம், வென்ற தரப்பு அனுப்பிய நுயென்கள் இன்னொரு பக்கம்.

வெளிநாட்டில்தான் இந்தப் பெயர் சிக்கலாகிறது. சொந்த ஊரில் யாரும் பயன்படுத்தாத பெயரே அங்கே முதன்மை அடையாளம். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் மேற்கோளில் குடும்பப் பெயரும் முதல் எழுத்தும் மட்டும் போடும்போது யார் எந்த நுயென் என்று பிரித்துப் பார்ப்பது பெரும் பாடு.

ஏட்டில் இருக்கும் இன்னொரு பெயர்

அப்படியென்றால் ஒரு நுயென் தன் பூர்வீகத்தை எப்படித் தெரிந்துகொள்வார்? அதற்கு ‘ஜா ஃபா’ இருக்கிறது. குடும்ப வம்சாவளி ஏடு. எந்த மூதாதை எந்த ஊரிலிருந்து வந்தார், கல்லறை எங்கே, திதி எந்த நாள் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைப்பது. கிராமங்களில் குலத்துக்கென்று தனிக் கோயில் வீடும் இருக்கும். போர்களில் பல ஏடுகள் எரிந்துபோயின. எஞ்சியவற்றில் சிலவற்றில்தான், ‘நம் பெயர் முன்பு இது இல்லை’ என்ற குறிப்பு கிடைக்கிறது. உயிரோடு இருக்கும்வரை ஒரு குடும்பப் பெயர், இறந்த பிறகு வழிபாட்டில் பழைய குடும்பப் பெயர் என்று இரண்டையும் காப்பாற்றும் குலங்கள் இன்றும் உண்டு. ஆவணத்தில் எழுத முடியாததைச் சடங்கில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

லீ குடும்பத்துக்கு இன்னொரு விதத்தில் ஓர் ஏடு தப்பியது. ஆட்சி கைமாறிய சமயம், லீ லாங் துவாங் என்ற இளவரசர் 1226வாக்கில் கடல் வழியாகத் தப்பிக் கொரியாவில் கரை ஒதுங்கினார். அங்கே கோர்யோ அரசு அவருக்கு இடம் கொடுத்தது. அவருடைய வழிவந்தவர்கள் ‘ஹ்வாசான் லீ’ குலம் என்று தென்கொரியாவில் இன்றும் இருக்கிறார்கள். வியட்நாமில் தடை செய்யப்பட்ட பெயரைக் கொரியர்களாகவே மாறிப்போன அவர்கள் கிட்டத்தட்ட 800 ஆண்டுகள் வைத்திருந்தார்கள்.

1990களில், இரு நாடுகளுக்கும் தூதரக உறவு ஏற்பட்ட பிறகு, அந்தக் குலத்தினர் ஹனோய்க்குப் பக்கத்தில் பாக் நின் பகுதியில் இருக்கும் தின் பாங் கிராமத்துக்கு வந்தார்கள். லீ வம்சத்தின் பூர்வீக ஊர் அது. எட்டு லீ அரசர்களுக்கும் அங்கே ‘தென் தோ’ என்ற கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 15ஆம் நாள், முதல் லீ அரசர் முடிசூடிய நினைவாகத் திருவிழா நடக்கும். கொரியாவிலிருந்து வந்து அதில் கலந்துகொண்டு, குடும்பத்தோடு வியட்நாமிலேயே குடியேறி அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிய லீ வாரிசும் உண்டு. அவரோடு சேர்ந்து அந்தக் கோயிலில் ஊதுபத்தி ஏற்றுகிறவர்களில் பலரின் அடையாள அட்டையில் இருக்கும் குடும்பப் பெயர் நுயென்.